வெள்ளிப் புரூஃப் நாணயம்: 69ஆ, 70ஆ என்று கேட்பதற்கு முன்

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "லண்டனில் இருக்கும் மாமா விடுமுறைக்கு வந்தபோது பிரித்தானிய நாணயச்சாலையின் வெள்ளிப் பிரிட்டானியா புரூஃப் நாணயம் ஒன்றைப் பெட்டியோடு தந்தார். அதிலிருந்து வெள்ளி நாணயம் சேர்க்கத் தொடங்கலாம் என்று ஆசை. இணையத்தில் பார்த்தால் பி.எஃப். 69, பி.எஃப். 70, அல்ட்ரா கேமியோ, எம்.எஸ். 70 என்று என்னென்னவோ போட்டிருக்கிறார்கள். ஒரே ஆண்டு, ஒரே நாணயம். ஆனால் 69க்கும் 70க்கும் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. இங்கே நகைக்கடையில் கேட்டால் எடைக்குத்தான் காசு என்கிறார்கள். இந்த எண்களை எப்படி விளங்கிக்கொள்வது? எதை வாங்குவது?"

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமா தந்த நாணயத்தை அந்த வட்டப் பிளாஸ்டிக் கேப்ஸ்யூலிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். எடுத்தாலும் துடைக்காதீர்கள். 70 என்ற உச்ச எண்ணுக்காக இப்போதைக்கு ஒரு சதம்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். இனி, ஏன் என்பதைப் பார்ப்போம்.

புரூஃப் என்பது தரத்தின் பெயர் அல்ல, செய்முறையின் பெயர். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். தேயிலை ஊர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். பி.ஓ.பி., டஸ்ட் நம்பர் 1 என்பதெல்லாம் இலையின் அளவைச் சொல்லும் பெயர்கள்தானே? அந்தத் தேயிலை நல்லதா, சுமாரா என்பதை டேஸ்டர் வாயில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நாணயத்திலும் அப்படித்தான். புரூஃப் என்றால் எப்படி அடித்தார்கள் என்பது தெரியும்; இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பதைப் பக்கத்தில் உள்ள எண் சொல்லும். புரூஃபாகப் பிறந்து, பத்துப் பேர் கையில் புரண்டு, பி.எஃப். 55 என்று இறங்கிப்போன நாணயமும் உண்டு. அதுவும் புரூஃப்தான்.

செய்முறையில் என்ன வித்தியாசம்? சாதாரண நாணயம் இயந்திரத்தில் ஒரே அடியில் அச்சாகி, மற்ற நாணயங்களின்மேல் விழுந்து உருண்டு போய்விடும். புரூஃபுக்கு அச்சையும் மெருகேற்றுகிறார்கள், அடிக்கப்போகும் வெள்ளி வில்லையையும் மெருகேற்றுகிறார்கள். வில்லையை ஒவ்வொன்றாக வைத்து, கூடிய அழுத்தத்தில் இரண்டு முறையோ அதற்கு மேலோ அடிக்கிறார்கள். பிறகு ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாக எடுத்து உறையில் வைக்கிறார்கள். அதனால்தான் உருவம் இல்லாத வெற்றுத் தளம் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கிறது, எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக நிற்கின்றன, விளிம்பு செங்குத்தாக எழும்புகிறது.

பிரிட்டானியாவில் இரண்டு வகையும் உண்டு. வெள்ளிப் பிரிட்டானியா 1997இல் புரூஃபாகத்தான் முதலில் வந்தது. முதலீட்டுக்கான சாதாரண வகை அடுத்த ஆண்டு வந்தது. முதலீட்டு வகையை 25, 25 ஆகக் குழாய்களில் அடைத்து விற்கிறார்கள். அதை வெள்ளிக்காக வாங்குவார்கள், மேற்பரப்புக்காக அல்ல. அப்படிச் சாதாரணமாக அடித்த, புழக்கத்துக்குப் போகாத நாணயங்களுக்குப் போடும் எழுத்துதான் எம்.எஸ். புரூஃபுக்கு, நாணயங்களைத் தரப்படுத்தி எண் போடும் என்.ஜி.சி. நிறுவனம் பி.எஃப். என்றும், பி.சி.ஜி.எஸ். நிறுவனம் பி.ஆர். என்றும் போடும், இரண்டும் ஒன்றுதான். 'எம்.எஸ். 70 புரூஃப்' என்று யாராவது விளம்பரம் போட்டிருந்தால் அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். இரண்டில் எதுவானாலும் அவரிடம் வாங்க வேண்டாம்.

எண்ணின் கதை சுருக்கமாக: 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர், தம் நாட்டுப் பழைய பெரிய செம்புச் சதங்களுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். அடையாளம் மட்டும் தெரிகிற தேய்ந்த காசு 1, குறையே இல்லாதது 70. அந்தக் காலத்து விலை விகிதத்தை வைத்துப் போட்ட எண்கள் அவை. விலைகள் மாறிப்போயின, எண்கள் நின்றுவிட்டன. 1980களின் நடுவில் பி.சி.ஜி.எஸ்.ஸும் என்.ஜி.சி.யும் வந்து, நாணயத்தைப் பார்த்து எண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் சட்டத்துக்குள் அடைத்துக் கொடுக்கத் தொடங்கின. அந்தச் சட்டத்தைத்தான் ஸ்லாப் என்கிறார்கள். நம் நாட்டு வியாபாரிகள் பழைய பிரித்தானிய முறையில் வி.எஃப். (வெரி ஃபைன்), இ.எஃப். (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்), யு.என்.சி. (அன்சர்குலேட்டட், புழங்காதது) என்றே இன்னும் பேசுவார்கள். அது தேய்மானத்தை அளக்கும் பேச்சு. புழங்கிய சிலோன் 50 சதத்தில் ஐந்தாம் ஜார்ஜின் கிரீடமும் புருவமும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று பார்க்க அது போதும். புரூஃப் விஷயத்தில் தேய்மானம் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. அங்கே கேள்வி வேறு.

அந்தக் கேள்வி: அடித்து முடித்த பிறகு மேற்பரப்புக்கு என்ன நடந்தது? 60க்கும் 70க்கும் இடையிலான பத்துப் படிகளும் இதைத்தான் அளக்கின்றன. முக்கியமான குற்றவாளி மயிரிழைக் கீறல். துணி, விரல், காகிதம், பெட்டியின் உள்பக்கம் என்று எது உரசினாலும் அந்தக் கண்ணாடித் தளத்தில் கோடு விழும். 60, 61, 62இல் அவை வெறும் கண்ணுக்கே தெரியும். 63, 64இல் தேடாமலே கிடைக்கும். 65, 66இல் கொஞ்சம் தேட வேண்டும். 67, 68இல் லென்ஸ் வேண்டும். 69இல் லென்ஸோடு பொறுமையும் வேண்டும். 70 என்றால், என்.ஜி.சி.யின் வரையறைப்படி, 5 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் அடித்த பிறகு ஏற்பட்ட குறை எதுவும் தெரியக்கூடாது.

இதை நீங்களே பார்த்துப் பழகலாம், செலவு அதிகமில்லை. கடிகாரம் திருத்துபவர் கண்ணில் இடுக்குகிற மாதிரி ஒரு லென்ஸ், 5 மடங்கிலிருந்து 10 மடங்குக்குள் இருந்தால் போதும். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரேயொரு மேசை விளக்கை வையுங்கள். டியூப் லைட் வேண்டாம். அதன் பரவலான வெளிச்சம் கீறலை மறைத்துவிடும். மேசையில் மடித்த துவாயைப் போட்டு, அதன்மேல் கேப்ஸ்யூலோடு நாணயத்தைப் பிடித்து, வெளிச்சம் தளத்தில் பட்டுத் தெறிக்கும் வரை மெதுவாகச் சாய்த்துச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் தளம் கருப்பாக இருக்கும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் வெள்ளையாக மின்னும். கருப்பு வெள்ளையாக மாறும் அந்தக் கணத்தில்தான் மயிரிழைக் கீறல்கள் எழுந்து வரும். ஒரே திசையில் கூட்டமாக ஓடினால் யாரோ துடைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். எல்லாக் கோடும் கீறல் அல்ல. நாணயச்சாலையில் அச்சை மெருகேற்றியபோது அச்சில் விழுந்த கோடுகள் நாணயத்தில் மேடாகப் பதியும். அவை தளத்தில் ஓடி, எழுத்தின் அடியில் அல்லது உருவத்தின் ஓரத்தில் நின்றுவிடும். பின்னால் விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும். தளத்தில் தொடங்கி எழுத்தின் மேலேயும் ஏறிப் போகும். லென்ஸில் ஒரு கோட்டைக் கண்டால் அது எங்கே முடிகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். முதலாவது பிறவிக் குறி. அதற்குப் பொதுவாக எண் குறையாது. இரண்டாவதற்குக் குறையும். கேப்ஸ்யூலின் கீறலை நாணயத்தின் கீறல் என்று நினைத்துக் கவலைப்படுகிறவர்களும் உண்டு. லென்ஸைச் சற்று மேலே தூக்கினால் எது எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் கேமியோ. தளம் கண்ணாடியாகவும் உருவம் மங்கல் வெண்மையாகவும் இருந்து, இரண்டும் நன்றாகப் பிரிந்து தெரிந்தால் கேமியோ. பிரிவு மிகவும் அழுத்தமாக இருந்தால் என்.ஜி.சி. அல்ட்ரா கேமியோ என்கிறது, பி.சி.ஜி.எஸ். டீப் கேமியோ என்கிறது. பழைய புரூஃப்களில் இது அரிது. அச்சின் அந்த மங்கல் பரப்பு முதல் சில அடிகளோடு தேய்ந்து, அடுத்து வந்தவை முழுவதும் பளபளப்பாகவே வந்தன. அதனால் 1950, 60களின் நாணயத்தில் கேமியோ என்று இருந்தால் கூடுதல் விலைக்கு நியாயம் உண்டு. இப்போது லேசர் முதலிய முறைகளால் அச்சைப் பதப்படுத்துவதால் நவீன புரூஃப் அநேகமாக எல்லாமே அல்ட்ரா கேமியோவாகத்தான் பிறக்கின்றன. உங்கள் பிரிட்டானியாவின் ஸ்லாப்பில் அந்தச் சொல் இருந்தால் சந்தோஷம், இதற்கென்று தனியாகச் சல்லி கொடுக்க ஒன்றுமில்லை.

இனி 69, 70 விவகாரம். நவீன வெள்ளிப் புரூஃப் நாணயச்சாலையிலிருந்து நேராகக் கேப்ஸ்யூலுக்குள் போய், அப்படியே தரப்படுத்தப் போனால், பெரும்பாலும் 69 அல்லது 70 தான் வாங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பழகிய கண்ணே லென்ஸ் இல்லாமல் சொல்லாது. ஒரே நாணயத்தை மறுபடி அனுப்பினால் எண் மாறி வருவதும் நடக்கும், ஏனென்றால் பார்ப்பவர்கள் மனிதர்கள். எந்த நாணயம் எத்தனை 70 வாங்கியிருக்கிறது என்ற கணக்கை இரண்டு நிறுவனங்களும் இணையத்தில் போட்டிருக்கின்றன. வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள். புதிய நாணயத்தில் அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், இறங்காது. இன்று அரிதாகத் தெரியும் 70, இன்னும் பத்துப் பெட்டிகள் பிரிக்கப்பட்டதும் அரிதாக இராது. என் அபிப்பிராயம் கேட்டால், தொடங்குகிறவருக்கு 69 போதும். அதையும்விட நல்லது, அசல் பெட்டியும் சான்றிதழும் உள்ள, ஸ்லாப் போடாத நாணயத்தை நேரில் லென்ஸில் பார்த்து வாங்குவது. இரண்டு 69 வாங்கும் காசுக்கு ஒரு 70 என்றால் நான் இரண்டு நாணயத்தை எடுத்துக்கொள்வேன்.

'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்', 'ஏர்லி ரிலீஸ்' என்ற லேபல்களுக்கு இன்னும் குறைவான அர்த்தம்தான். வெளியான முதல் 30 நாட்களுக்குள் தரப்படுத்தும் நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் விஷயம். அச்சிலிருந்து முதலில் விழுந்தது என்று அர்த்தமில்லை.

70க்குக் காசு கொடுக்கத் தயங்குவதற்கு இன்னொரு காரணம் பால் புள்ளி. 999 வெள்ளியில், அதாவது ஆயிரத்தில் 999 பங்கு சுத்தமான வெள்ளியில், எந்தக் கையும் படாமலே, சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் எழலாம். வில்லையைக் கழுவிய திரவத்தின் எச்சம், பிறகு சூடேற்றும்போது வெள்ளியில் படிந்துவிடுவதுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. கனடாவின் மேப்பிள் லீஃப் நாணயத்தில் இது பெரிய தலைவலியாகி, 2018இலிருந்து அந்த நாட்டு நாணயச்சாலை இதைத் தடுக்கத் தனியான முறையைக் கையாள்கிறது. ஸ்லாப்புக்குள் இருக்கும் 70இலும் புள்ளி வரலாம். வந்தால் சட்டத்தில் எண் 70 ஆகவே இருக்கும், நாணயத்தை வாங்க ஆள் இருக்காது.

நகைக்கடைக்காரர் சொன்னது அவர் வியாபாரத்தில் சரி. அவர் உருக்கப்போகும் வெள்ளிக்குக் கண்ணாடித் தளமும் ஒன்றுதான், நசுங்கிய கொலுசும் ஒன்றுதான். அவரிடம் விற்காதீர்கள், ஆனால் அவர் சொன்ன கணக்கை மறக்காதீர்கள். அதுதான் உங்கள் நாணயத்தின் அடித்தள விலை. அந்தக் கணக்குக்குச் சில எண்கள் வேண்டும். நாணய உலகின் அவுன்ஸ் 31.1 கிராம். சமையல் புத்தகத்து அவுன்ஸ் 28.35 கிராம்தான், இரண்டையும் குழப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டானியா 2013இலிருந்து 999 வெள்ளி, அதற்கு முன் 958. பிரித்தானிய 5 பவுண்டு வெள்ளிப் புரூஃப் 28.28 கிராம், 925 வெள்ளி. அதில் சுத்த வெள்ளி 26.16 கிராம், ஒரு அவுன்ஸ் இல்லை. வெள்ளி விலைக்கும் கேட்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில்தான் பெட்டி, அருமை, தரம் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. அந்த இடைவெளி ஏன் அவ்வளவு என்று விற்பவரால் சொல்ல முடியவில்லை என்றால் பொறுத்திருங்கள்.

சுத்தம் செய்வதைப் பற்றி. நம் வீடுகளில் வெள்ளி கறுத்தால் திருநீறு போட்டுத் தேய்ப்போம், இல்லாவிட்டால் பல்பொடி, புளி. குத்துவிளக்குக்கும் கொலுசுக்கும் அது சரி. புரூஃப் நாணயத்தில் திருநீற்றை ஒருமுறை விரலால் இழுத்தால் போதும், 68 வாங்கியிருக்க வேண்டியது எண்ணே இல்லாமல் திரும்பி வரும். தரப்படுத்தும் நிறுவனங்கள் அப்படியானவற்றுக்கு 'டீட்டெய்ல்ஸ்' என்று போட்டு, பக்கத்தில் 'துடைக்கப்பட்டது' என்று காரணம் எழுதிவிடும். கொக்கி வைத்துச் சங்கிலியில் மாட்டியதும், பிறகு கொக்கியை எடுத்துத் தேய்த்ததும் இதே கணக்கில் சேரும். பாட்டி காலத்துக் காசுமாலையின் விக்டோரியா ரூபாய்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் சேகரிப்பாளரின் தராசில் வெள்ளியாகவே நிற்பது இதனால்தான். மாலையாக அதன் மதிப்பு வேறு, பிரிக்காதீர்கள்.

இப்போது நம் ஊரின் உண்மையான எதிரி: ஈரம். ஹட்டன், தலவாக்கலை பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் சுவரே வியர்க்கும், அலுமாரியில் சட்டை பூஞ்சணம் பிடிக்கும். ஊவாப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்களில் அதே கதை. வெள்ளி, தண்ணீரால் மட்டும் கறுக்காது. காற்றிலுள்ள கந்தகம் சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆவதால்தான் கறுக்கிறது. ஈரம் அதை வேகப்படுத்தும். படலம் மெல்லியதாக இருக்கும்போது மஞ்சள், பிறகு செம்மையும் நீலமும், கடைசியில் கருப்பு. இயற்கையாக வந்த அழகான வண்ணத்துக்கு ஆசைப்படும் சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள். கேப்ஸ்யூலுக்குள் விளிம்பில் இலேசான மஞ்சள் தெரிந்தால் பதற வேண்டாம், பரவாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கந்தகம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். ரப்பர் பாண்ட், கம்பளித் துணி, பத்திரிகைத் தாள், மட்டமான அட்டைப்பெட்டி, அடுப்புப் புகை. வீரகேசரிப் பத்திரிகையில் சுற்றி வைப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது நேர் எதிர். மென்மையான, வளையும் பி.வி.சி. உறைகளும் ஆகாது. காலப்போக்கில் அவற்றிலிருந்து கசியும் பொருள் பச்சைப் பிசுக்காகப் படிந்து வெள்ளியை அரிக்கும். மோந்தால் புதுப் பிளாஸ்டிக் வாடை வரும் உறையைத் தூக்கி எறியுங்கள். நாணயம் கடினமான கேப்ஸ்யூலில் இருக்கட்டும். கேப்ஸ்யூலை இறுக்கமாக மூடும் பாலிப்ரொப்பிலீன் சாப்பாட்டுப் பெட்டியில் வையுங்கள். கூடவே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். பெட்டியைச் சமையலறைக்கு அடுத்த சுவரிலும், அந்துருண்டை போட்ட துணி அலுமாரியிலும் வைக்காதீர்கள். மழை ஓய்ந்த, காய்ந்த நாளாகப் பார்த்துத் திறங்கள். திறந்து வைத்துக்கொண்டு நாணயத்தின் மேல் குனிந்து பேசாதீர்கள். தெறிக்கும் எச்சில் துளி அன்றைக்குத் தெரியாது, சில மாதங்களில் கரும்புள்ளியாகத் தெரியும்.

அடுத்து என்ன வாங்கலாம் என்றால், வெளிநாட்டு நாணயங்களின் பின்னாலேயே ஓட வேண்டியதில்லை. 1957இல் புத்த ஜயந்திக்காக வெளிவந்த 5 ரூபாய், 925 வெள்ளி, 28.28 கிராம். சாதாரணமாக நிறைய அடித்தார்கள், மிகச் சிறிய எண்ணிக்கையில் புரூஃபாகவும் அடித்தார்கள். மத்திய வங்கியும் பின்னர் நினைவு நாணயங்களை வெள்ளிப் புரூஃபாக வெளியிட்டிருக்கிறது. சுதந்திரப் பொன்விழாவின் 1998 ஆயிரம் ரூபாய் அவற்றில் ஒன்று. கொழும்பு கோட்டையில் சதாம் (Chatham) வீதியிலுள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகத்தில் நம் நாணயங்களை ஒழுங்காகப் பார்க்கலாம். கண்ணைப் பழக்க நல்ல இடம்.

ஆனால் 1957 ஐந்து ரூபாயில் ஒரு பொறி உண்டு. சாதாரண நாணயத்தைப் பாலிஷ் போட்டுப் 'புரூஃப்' என்று நீட்டுவார்கள். லென்ஸை எழுத்துகளின் இடுக்கில் வையுங்கள். பாலிஷ் துணி நுழையாத அந்த மூலைகளில் பழைய மங்கலோ அழுக்கோ மிஞ்சியிருக்கும். எழுத்தின் மேல் ஓரங்கள் மழுங்கி உருண்டிருக்கும். உண்மையான புரூஃபில் தளத்தின் பளபளப்பு எழுத்தின் அடிவரைக்கும் ஒரே சீராகப் போகும், விளிம்பு கூராக நிற்கும். ஒரு பத்திரிகைத் துண்டைப் பக்கத்தில் பிடித்தால் தளத்தில் எழுத்துகள் வாசிக்கும்படி தெரிய வேண்டும். பாலிஷ் நாணயத்திலும் வெளிச்சம் மின்னும், எழுத்து நெளிந்து கலைந்துவிடும்.

ஸ்லாப்பிலும் போலி வருகிறது, லேபல், பார்கோடு எல்லாவற்றோடும். சட்டத்தில் உள்ள இலக்கத்தை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள். பல நாணயங்களுக்குப் படமும் வரும். போலிக்காரர் உண்மையான இலக்கத்தைத்தான் நகல் எடுத்திருப்பார், அதனால் இலக்கம் இருப்பது மட்டும் போதாது. ஆண்டு, எண், முடிந்தால் படத்திலுள்ள கீறலும் புள்ளியும் கையிலுள்ள நாணயத்தோடு பொருந்த வேண்டும். விற்பவர் முன்பணம் கேட்டு, இலக்கம் தெரியும்படி படம் அனுப்ப மறுத்தால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்தக் காசுக்கு முதலில் நல்ல லென்ஸ் ஒன்று வாங்குங்கள்.